பி.எஸ்.ஏ.டி. வாசிப்புப் பகுதியில் நேரம் போதவில்லை, வழி சொல்லுங்களேன்

எல்லாருக்கும் வணக்கம். என் மகள் பதினோராம் வகுப்பு. வரும் அக்டோபரில் பி.எஸ்.ஏ.டி. (அமெரிக்காவில் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி.க்கு முன்னோட்டமாகக் கணினியில் எழுதும் தேர்வு) எழுதப் போகிறாள். நேஷனல் மெரிட் உதவித்தொகைக்கு இந்த வருட மதிப்பெண்தான் கணக்கு என்பதால் வீட்டில் கொஞ்சம் பதற்றம்.

கணக்கு பற்றிக் கவலையில்லை. திரையிலேயே இருக்கும் டெஸ்மாஸ் கால்குலேட்டர் அவளுக்கு நன்றாகப் பழகிவிட்டது. வாசிப்பும் எழுத்தும் பகுதிதான் சிக்கல். அது இரண்டு சுற்றாக வரும்; ஒரு சுற்றுக்கு 27 கேள்வி, 32 நிமிடம். ஒரு கேள்விக்கு 70 வினாடி சொச்சம்தான் வருகிறது. அவளோ நடுவில் வரும் ஆதாரம், அனுமானம் கேட்கும் பத்திகளை மூன்று தடவை படிக்கிறாள். அதற்குப் பிறகு வரும் இலக்கணக் கேள்விகள் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் அங்கே போவதற்குள் நேரம் முடிந்துவிடுகிறது. முதல் சுற்றில் செய்வதை வைத்துத்தான் இரண்டாவது சுற்றின் கடினம் அமைகிறது என்பதால் இது எனக்கு மனசை அரிக்கிறது.

இலக்கணத்தை முதலில் முடித்துவிட்டுத் திரும்பி வரச் சொல்லலாமா? உங்கள் பிள்ளைகள் யாராவது அப்படிச் செய்து பார்த்தார்களா? தப்பான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை, அதனால் எதையும் காலியாக விடாதே என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன்.

இன்னொன்று. தேர்வு எழுதப் பயன்படும் புளூபுக் செயலியில் முழு மாதிரித் தேர்வுகள் சிலதான் இருக்கின்றன. இப்போதே எழுதித் தீர்த்துவிடலாமா, கடைசி வாரங்களுக்கு வைத்துக்கொண்டு அதுவரை கான் அகாடமி இணையதளப் பயிற்சியோடு ஓட்டலாமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள், ப்ளீஸ்.