ஏர்போர்ட்டில் லஞ்சம்: இன்னும் 2 நாள்தான் இருக்கு, வழி சொல்லுங்க

நான் குளச்சல் பக்கம். தம்பி கல்ஃபுக்குக் கிளம்பினான். கைப்பையில அம்மா போட்ட மீன் ஊறுகாய். 100 மில்லிக்கு மேல கூடாதுன்னு சோதனையில எடுத்து வச்சாங்க. அது விதி, தப்பு நம்ம பேர்லதான். ஆனா ஒருத்தர் மெதுவா பக்கத்துல வந்து, "ஆயிரம் ரூபா தா, இல்லன்னா எழுதி முடிக்கதுக்குள்ள ஃபிளைட் போயிரும்"னாராம். பயந்து கொடுத்துட்டான். (ஊறுகாயும் கூடவே போச்சு, அது வேற கதை.)

ஊழல் தடுப்புச் சட்டத்துல 2018-ல வந்த திருத்தப்படி லஞ்சம் கொடுத்தவனும் குற்றவாளி. கட்டாயத்துல கொடுத்திருந்தா 7 நாளுக்குள்ள புகார் சொல்லணும். இன்னைக்கு அஞ்சாம் நாள். அவனுக்குப் பதிலா நான் புகார் கொடுத்தா செல்லுமா? போலீசுக்கா, சிபிஐக்கா? கேமரா பதிவை அழிக்காம வைக்கச் சொல்லி எப்படி எழுதணும்? நாகர்கோவில், தக்கலைப் பக்கம் இந்த மாதிரி கேஸ் பார்த்த வக்கீல் யாராவது இருந்தா சொல்லுங்க மக்களே.