அட்டாரி 1040 எஸ்டிஇ-யில் வெண்பாத் தொகுப்பு ஒன்றை அமைக்க எந்தப் பக்க வடிவமைப்பு மென்பொருள் பொருந்தும்?

முத்தியால்பேட்டை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் சித்தப்பா பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். புதுச்சேரி வழக்கில் சொன்னால் எங்களுடையது ‘சொல்தா’ வீடு. 1991-இல் விடுமுறைக்கு வந்தபோது அவர் பாரிசிலிருந்து அட்டாரி 1040 எஸ்டிஇ கணினி ஒன்றையும் அதற்குரிய எஸ்எம்124 கறுப்பு வெள்ளைத் திரையையும் கொண்டுவந்தார். சில காலம் அதில் பிரெஞ்சு மொழியில் கடிதங்கள் எழுதினார். பிறகு அது மாடி அறைக்குப் போய்விட்டது. சென்ற மாதம் அந்த அறையை ஒழித்தபோது, கடற்காற்றில் உலோகப் பகுதிகள் கொஞ்சம் துருவேறியிருந்தாலும் கணினி உறைக்குள் பத்திரமாகவே இருந்தது. உள்ளே இருக்கும் பவர் சப்ளையில் உப்பிப் போயிருந்த இரண்டு கெப்பாசிட்டர்களை மாற்றிய பின்னரே மின்சாரம் கொடுத்தோம். இப்போது நன்றாக இயங்குகிறது.

அவருக்கு வரும் தை மாதத்தில் எண்பது வயது நிறைகிறது. அவர் எழுதி வைத்திருக்கும் வெண்பாக்களில் நாற்பதைத் தேர்ந்தெடுத்து, ஏ4 தாளை இரண்டாக மடித்த அளவில் பதினாறு பக்கச் சிறு நூலாக நூறு படிகள் எடுக்க எண்ணியிருக்கிறேன். மடிக்கணினியில் செய்தால் ஒரு நாள் வேலை என்பது எனக்கும் தெரியும். அவருடைய கணினியிலேயே அமைத்து அவர் கையில் கொடுக்க வேண்டும் என்பதுதான் அண்ணன் மகளான என் ஆசை. ஆகவே அந்த ஆலோசனையை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

டைம்வொர்க்ஸ் பப்ளிஷர், கலமஸ் 1.09, பேஜ்ஸ்ட்ரீம் 2 ஆகிய மூன்றும் இந்தக் கணினிக்கு உண்டு என்று அறிந்தேன். நினைவகம் 1 மெகாபைட். எங்கள் கடைக் கணக்குக்கு முன்பு பயன்பட்ட ஒன்பது ஊசி டாட் மேட்ரிக்ஸ் அச்சுப்பொறி ஒன்றும் வேலை செய்யும் நிலையில் இருக்கிறது. இம்மூன்றில் எதைத் தேர்ந்தெடுப்பது? இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: சித்தப்பா இன்றைக்கும் பழைய எழுத்திலேயே எழுதுகிறார். ‘லை’, ‘னை’ ஆகியவற்றுக்கு யானைத் துதிக்கை போட்டுத்தான் அவருக்குப் பழக்கம். அதை மாற்ற எனக்கு மனமில்லை.

மஞ்சக்குப்பம் எழுதியது:

அம்மா, வணக்கம். நான் கடலூரில் பதினான்கு ஆண்டுகள் டிடிபி ஆபரேட்டராக இருந்தவன். பேஜ்மேக்கரில் திருமண அழைப்பிதழ் முதல் கோயில் தலபுராணம் வரை அமைத்து, பட்டர் ஷீட்டில் லேசர் பிரிண்ட் எடுத்து ஆஃப்செட் அச்சகத்துக்குக் கொடுத்த அனுபவம் உண்டு. அட்டாரியை நான் தொட்டதில்லை. ஆனால் உங்கள் கேள்விக்குக் கணினியைவிடத் தமிழ் எழுத்தே முக்கியம் என்பதால் எழுதுகிறேன்.

இத்தகைய மென்பொருள்களை ஒப்பிடும்போது பத்திகள் எத்தனை, ஒரு பெட்டியில் நிரம்பிய மேட்டர் அடுத்த பெட்டிக்குத் தானாகப் போகுமா, படத்தைச் சுற்றி வரிகள் வளையுமா என்றுதான் எல்லோரும் பார்ப்பார்கள். வெண்பா நூலுக்கு இவற்றில் ஒன்றும் தேவைப்படாது. பக்கத்துக்கு மூன்று வெண்பா, ஒவ்வொன்றும் நான்கு அடி, முதல் மூன்று அடியில் நான்கு சீர், ஈற்றடியில் மூன்று சீர். நேரிசை வெண்பாவானால் இரண்டாம் அடியின் கடைசியில் கோடு போட்டுத் தனிச்சொல். இவ்வளவையும் டேப் நிறுத்தங்களை வைத்தே கட்டிவிடலாம். ஆக, அந்த மென்பொருளுக்குள் தமிழ் எழுத்துருவைக் கொண்டுபோக முடியுமா என்பது ஒன்றுதான் உங்களுக்கு உண்மையான கேள்வி.

கணக்கைப் பாருங்கள். உயிர் 12, ஆய்தம் 1, அகரமேறிய மெய் 18, புள்ளி வைத்த மெய் 18, உகர ஊகார வரிசைகள் ஒவ்வொன்றும் தனி வடிவம் என்பதால் 36, கூட்டினால் 85. கால், ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரக் குறி, இகர ஈகாரச் சுழிகள் என்று 6. டகரத்தில் சுழி ஒட்டும் விதம் வேறு என்பதால் ‘டி’, ‘டீ’ இரண்டையும் தனியே வரைவது நல்லது. மொத்தம் 93. 1978-இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபோது மாறியவை 13 எழுத்துகள் என்றாலும், ‘ணொ’, ‘றோ’ போன்றவை பழைய ‘ணா’, ‘றா’ வடிவங்களிலிருந்தே பிறப்பதால், உங்கள் சித்தப்பாவுக்காகக் கூடுதலாக வரைய வேண்டியவை ணா, றா, னா, ணை, லை, ளை, னை என்ற ஏழின் பழைய வடிவங்கள் மட்டுமே. சரியாக நூறு. எட்டு பிட் எழுத்துருவின் 256 இடங்களில் இது தாராளமாக அடங்கும். எண்களையும் நிறுத்தக்குறிகளையும் ஆங்கிலப் பகுதியிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம்.

டைம்வொர்க்ஸ் பயன்படுத்துவது புள்ளிப்புள்ளியாக வரைந்த பிட்மேப் எழுத்துரு என்று படித்திருக்கிறேன். அப்படியானால் ஒவ்வொரு அளவுக்கும், திரைக்கு ஒன்றும் அச்சுப்பொறிக்கு ஒன்றுமாகத் தனித்தனியே வரைய வேண்டியிருக்கும். பாடலுக்கு 14 புள்ளி (பாயின்ட்), தலைப்புக்கு 24, அடிக்குறிப்புக்கு 10 என்று மூன்று அளவு வைத்தால் அறுநூறு எழுத்து வரைய வேண்டும். அதை முதலிலேயே கழித்துவிடுங்கள்.

பதினாறு பிட் எழுதியது:

மேலே அச்சுக்கலைஞர் ஐயா சொன்ன கணக்கு சரியானது. டைம்வொர்க்ஸ் பற்றிய அவருடைய ஊகமும் சரி. ஜிடாஸ் என்ற துணை நிரல் வழியாகப் புள்ளி எழுத்துருக்களை ஏற்றியே அது வேலை செய்கிறது. ஆங்கிலத்தில் செய்திமடல் போடுபவருக்கு அது எளிமையானது, வேகமானது, தமிழுக்கு உதவாது.

என்னிடம் அட்டாரி மெகா எஸ்டி இருக்கிறது; கலமஸைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறேன் என்பதால் என் பேச்சில் கொஞ்சம் சார்பு இருக்கும். 1987-இல் ஜெர்மனியிலிருந்து வந்த இம்மென்பொருளின் பெயர் இலத்தீனில் நாணற்பேனாவைக் குறிக்கும். உருதுவில் எழுதுகோலுக்கு வழங்கும் ‘கலம்’ என்ற சொல்லும் அதே கிரேக்க மூலத்திலிருந்து வந்ததுதான். இதில் எழுத்துகள் எல்லாம் வெளிக்கோட்டு வடிவங்கள். ஒருமுறை வரைந்தால் எந்த அளவிலும் திரைக்கும் அச்சுக்கும் அதுவே போதும். திரையில் தெரியும் பக்கத்துக்கும் தாளில் விழும் பக்கத்துக்கும் இடையே மயிரிழை வேறுபாட்டைக்கூட நான் கண்டதில்லை. 1.09 பதிப்புக்கு 640-க்கு 400 புள்ளிகள் கொண்ட கறுப்பு வெள்ளைத் திரை தேவை. உங்களிடம் இருப்பதும் அதுவே. எழுத்துரு வரையும் நிரல் மட்டும் தனியாக விற்கப்பட்டது, அதையும் நீங்கள் தேட வேண்டும்.

சிக்கல் நினைவகத்தில் வரும். அங்குலத்துக்கு 300 புள்ளி அடர்த்தியில் ஏ4 பக்கம் என்பது 2480-க்கு 3508 புள்ளிகள், அதாவது சுமார் 87 லட்சம். எட்டுப் புள்ளிக்கு ஒரு பைட் என்று வைத்தாலும் ஏறத்தாழ 10.9 லட்சம் பைட் ஆகிறது. உங்கள் கணினியின் மொத்த நினைவகமே 10,48,576 பைட்தான். அட்டாரியின் எஸ்எல்எம்804 லேசர் அச்சுப்பொறி பக்கப் படத்தைக் கணினியின் நினைவகத்திலேயே உருவாக்கியதால், அதை வாங்கியவர்கள் 2 அல்லது 4 மெகாபைட் கொண்ட மெகா எஸ்டி-யையும் சேர்த்து வாங்க வேண்டியிருந்தது. டாட் மேட்ரிக்ஸ் பொறிக்கு இவ்வளவு இடம் வேண்டியதில்லை. ஆனாலும் நினைவகத்தைக் கூட்டிவிடுங்கள். எஸ்டிஇ-யில் அது எளிது. பழைய 386, 486 கணினிகளில் இருந்த அதே 30 ஊசி நினைவகப் பலகைகள் இதிலும் பொருந்தும். ஒரு மெகாபைட் பலகைகள் நான்கு கிடைத்தால் 4 மெகாபைட். காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் தேடிப் பாருங்கள்; கிடைக்காவிட்டால் சென்னை ரிச்சி தெருதான்.

எழுத்துருவை நான் சுட்டியால் வரைந்தேன், இரண்டு மாதம் ஆயிற்று. புள்ளியைத் தனிக் குறியாக வைத்து 18 வடிவங்களை மிச்சப்படுத்தலாம் என்று முயன்றேன். ‘ர்’ மேல் சரியாக உட்கார்ந்த புள்ளி ‘ண்’ மேல் ஓரமாகப் போய் நின்றது. எழுத்துகளின் அகலம் ஒன்றுக்கொன்று வேறாக இருக்கும்போது வேறு எப்படி அமையும்? கடைசியில் பதினெட்டையும் தனித்தனியாகவே வரைந்தேன்.

நாணல் எழுதியது:

நான் பேஜ்ஸ்ட்ரீம் பக்கம் பேசுகிறேன், ஏனென்றால் தை மாதத்துக்கு இன்னும் நான்கு மாதமே இருக்கிறது. கலமஸ் அழகாக வேலை செய்யும் என்பதை மறுக்கவில்லை. பேஜ்ஸ்ட்ரீம் திரையைத் திரும்ப வரைவதற்குள் ஒரு காப்பி குடித்துவிடலாம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் பேஜ்ஸ்ட்ரீம் 2, பக்கத்தை அச்சுப்பொறிக்கு விவரிக்கும் போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழியின் டைப் 1 வகை எழுத்துருக்களை ஏற்றுக்கொள்ளும். அதனால் நூறு எழுத்தையும் நீங்கள் வரைய வேண்டியதில்லை. ‘லோகித் தமிழ் கிளாசிக்கல்’ என்ற திறந்த உரிம எழுத்துருவில் உங்களுக்கு வேண்டிய பழைய வடிவங்கள் ஏற்கெனவே இருக்கின்றன. மடிக்கணினியில் ஃபான்ட்ஃபோர்ஜ் நிரலால் அதைத் திறந்து, தேவையான வடிவங்களை 256 இடங்களுக்குள் அமர்த்தி, டைப் 1 ஆகச் சேமித்தால் போதும். எழுத்துருவை வெளியில் தயாரிப்பது உங்கள் விரதத்தை முறிக்காது என்று நினைக்கிறேன்; அந்தக் காலத்து அச்சகங்களும் ஈய எழுத்துகளை வார்ப்படசாலையிலிருந்துதான் வாங்கின.

தட்டச்சையும் யோசித்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சுக்காரர்களின் விசைப்பலகையில் எழுத்துகள் வேறு வரிசையில் இருக்கும். அதன்மேல் நூறு தமிழ் வடிவங்களை நினைவில் வைத்து அடிப்பது கொடுமை. ஒருங்குறியில் பாடல்களை அடித்து, சிறு நிரல் ஒன்றால் உங்கள் எட்டு பிட் வரிசைக்கு மாற்றி, வெறும் உரைக் கோப்பாக 720 கிலோபைட் ஃபிளாப்பியில் கொண்டுபோங்கள். விண்டோஸ் கணினியில் ஃபார்மேட் செய்த அத்தகைய ஃபிளாப்பியை அட்டாரி படிக்கும். மாற்றும் நிரல் ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரக் குறி ஆகியவற்றை எழுத்துக்கு முன்னால் நகர்த்த வேண்டும், ஏனென்றால் அட்டாரிக்கு அவற்றை இடம் மாற்றிக் காட்டத் தெரியாது. 128-க்கு மேற்பட்ட இடங்கள் எல்லாம் சேதமின்றி உள்ளே வருகின்றனவா என்று முதலில் ஒரு சோதனைக் கோப்பில் பார்த்துவிடுங்கள். அட்டாரியின் சொந்த எழுத்துத் தொகுதியில் அந்த இடங்களில் பிரெஞ்சு, ஜெர்மன் எழுத்துகளும், வியப்பாக, எபிரேய எழுத்துகளும் இருக்கின்றன.

இன்னொரு வசதியும் உண்டு. பேஜ்ஸ்ட்ரீம் பக்கத்தைப் போஸ்ட்ஸ்கிரிப்ட் கோப்பாக ஃபிளாப்பியிலேயே எழுதித் தரும். அதை மடிக்கணினியில் கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற நிரல் மூலம் பிடிஎஃப் ஆக்கினால் எந்த அச்சகமும் வாங்கிக்கொள்ளும்.

முத்தியால்பேட்டை எழுதியது:

மூவருக்கும் நன்றி. ஆறு வாரம் கழித்து வருகிறேன், பொறுத்தருள்க. நினைவகப் பலகைகள் சந்தையில் கிடைக்கவில்லை. சென்னையிலிருந்து ஒருவர் நான்கு பலகைகள் வாங்கி அனுப்பினார். இப்போது 4 மெகாபைட்.

நாணல் அவர்கள் சொன்ன வழியில் பேஜ்ஸ்ட்ரீமையே எடுத்துக்கொண்டேன். சோதனைக் கோப்பில் சில இடங்கள் மாறி வந்தன. அங்கிருந்த வடிவங்களைக் காலியான இடங்களுக்கு மாற்றியதும் சரியாயிற்று. டாட் மேட்ரிக்ஸில் 12 புள்ளியில் அச்சிட்டபோது ‘ஞூ’வும் ‘ணு’வும் மை பூசியது போல் அடைத்துக்கொண்டன. ‘ளு’வின் உள்வளைவு மட்டும் எப்படியோ தப்பித்தது. 14 புள்ளிக்கு உயர்த்திய பிறகும் ‘ணு’ தெளியவில்லை. ஊசிப் பொறியில் படித்துப் பார்க்க ஒரு படியும், நூறு படிகளுக்குப் பிடிஎஃப் வழியாக அச்சகமும் என்று முடிவு செய்திருக்கிறேன். மடித்துத் தைக்கும் நூலுக்குப் பக்கங்களை எந்த வரிசையில் வைப்பது என்பதை மஞ்சக்குப்பம் ஐயா சொல்ல வேண்டும்.

மஞ்சக்குப்பம் எழுதியது:

பதினாறு பக்கத்தில் ஒரே முகத்தில் அருகருகே வரும் இரு பக்க எண்களின் கூட்டுத்தொகை எப்போதும் 17. முதல் தாளின் வெளிமுகத்தில் இடப்பக்கம் 16, வலப்பக்கம் 1. அதன் பின்முகத்தில் 2, 15. இரண்டாம் தாளில் 14, 3. பின்னால் 4, 13. மற்ற இரண்டு தாளும் இப்படியே. ஏ4 தாளைக் குறுக்கில் வைத்து இரண்டு பெட்டிகள் போட்டு, இந்தக் கணக்குப்படி மேட்டரை நிரப்புங்கள். மடிப்பில் இரண்டு பக்கமும் அரை அங்குலம் விடுங்கள். அடிகள் பெட்டிக்குள் அடங்காமல் மடங்கினால் அளவைக் குறைக்காதீர்கள். சீர்களுக்கிடையே உள்ள இடைவெளியைக் கொஞ்சம் குறையுங்கள்.

முத்தியால்பேட்டை எழுதியது:

அப்படியே செய்தேன், ஐயா. முதல் மெய்ப்பை நேற்றுச் சித்தப்பாவிடம் காட்டியதில் இரகசியமும் உடைந்துவிட்டது. மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பதினாறு பக்கமும் பார்த்தார். துதிக்கை ‘னை’யை விரலால் தடவினார். பிறகு ஒன்பதாம் பக்கத்தைத் திருப்பி என்னிடம் நீட்டி, இருபத்திரண்டாம் பாட்டில் தனிச்சொல்லுக்கு முன்னால் கோடு விடுபட்டிருப்பதைக் காட்டினார். கணினியை அவரே போட்டுத் திருத்துவதாகச் சொல்லி, இன்று காலையிலிருந்து திரை முன்னால் உட்கார்ந்திருக்கிறார்.