சசெக்ஸின் தலைசிறந்த கேப்டன் ஆடம்ஸ்தானா? நான் ஏற்கவில்லை

தெற்குக் கடற்கரை:
இங்கிலாந்தின் சசெக்ஸ் கவுண்டி (மாவட்ட) கிரிக்கெட் அணியின் கேப்டன்களைப் பற்றிப் பேச்செடுத்தாலே கிறிஸ் ஆடம்ஸ் பெயரைச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். 2003, 2006, 2007 என மூன்று முறை கவுண்டி சாம்பியன்ஷிப் (கவுண்டிகள் பருவம் முழுதும் மோதும் பலநாள் ஆட்டப் பட்டம்) வாங்கித் தந்தார். அதற்கு முன்பு அந்த அணிக்கு அது ஒருமுறைகூடக் கிடைத்ததில்லை. சரி. ஆனால் கோப்பைகளை எண்ணுவது வேறு, கேப்டனை அளப்பது வேறு. என் வாக்கு 1960களில் அணியை நடத்திய டெட் டெக்ஸ்டருக்கு.

1963இல் கவுண்டிகளுக்கு முதன்முதலாக ஜில்லெட் கோப்பை என்ற ஒருநாள் போட்டி வந்தது. அணிக்கு 65 ஓவர். மற்ற கேப்டன்கள் பலர் அதை மூன்று நாள் ஆட்டத்தின் சுருக்கம் என்றே நினைத்தார்கள். வழக்கம்போல் ஸ்லிப்பில் (மட்டையில் உரசி வரும் பந்தைப் பிடிக்கும் இடம்) ஆட்களை நிறுத்தி விக்கெட்டுக்காகக் காத்திருந்தார்கள். இங்கே பத்துப் பேரையும் வீழ்த்தியே தீரவேண்டும் என்பதில்லை, ரன் வரும் வழியை அடைத்தால் போதும் என்று டெக்ஸ்டர் கண்டுகொண்டார். லார்ட்ஸ் இறுதி ஆட்டத்தில் சசெக்ஸ் எடுத்தது 168 மட்டுமே. மங்கிய வெளிச்சத்தில் வூஸ்டர்ஷைர் நெருங்கி வந்தபோது அவர் தன் ஆட்களை எல்லைக்கோட்டுக்கு அனுப்பினார். வெற்றி 14 ரன்னில். அடுத்த ஆண்டும் அதே கோப்பை. இன்று ஒவ்வொரு ஒருநாள் ஆட்டத்தின் கடைசி ஓவர்களிலும் நாம் பார்ப்பது அந்த யோசனையைத்தான்.

நான்காம் நாள்:
டெக்ஸ்டரின் கூர்மையை நான் மறுக்கவில்லை, நண்பரே. ஆனால் ஒரு கவுண்டி கேப்டனின் வேலை ஏப்ரல் குளிரில் தொடங்கி செப்டம்பர் வரை நீளும் வேலை. கோப்பை ஆட்டம் நான்கைந்து நாள். சாம்பியன்ஷிப் ஒரு முழுப் பருவம். டெக்ஸ்டர் அதே ஆண்டுகளில் இங்கிலாந்துக்கும் கேப்டன். 1964 பொதுத்தேர்தலில் கார்டிஃபில் ஜேம்ஸ் காலகனை எதிர்த்து நின்றார். சசெக்ஸ் அவருடைய பல வேலைகளில் ஒன்று.

ஆடம்ஸ் வந்த நிலைமையைப் பாருங்கள். 1996 முடிவில் கேப்டன் ஆலன் வெல்ஸ் நீக்கப்பட்டார், முன்னணி ஆட்டக்காரர்கள் பலர் வெளியேறினார்கள். 1997 மார்ச்சில் உறுப்பினர்கள் கிளர்ந்தெழுந்து நிர்வாகத்தையே மாற்றினார்கள். அந்தப் பருவத்தில் அணி கடைசி இடம். அந்தச் சிதைவுக்குள்தான் 1998இல் டெர்பிஷைரிலிருந்து ஆடம்ஸ் வந்து பொறுப்பேற்றார். உடனே எதுவும் நடக்கவில்லை. 2000இல் இரண்டாம் பிரிவின் அடிமட்டம். அங்கிருந்து 2001இல் அந்தப் பிரிவில் முதலிடம். 2002 பருவம் தொடங்கும் முன் கிரெனடாவில், தண்ணீரில் சிக்கிய தம்பியைக் காப்பாற்றப் போய் அணியின் ஆட்டக்காரர் உமர் ரஷீத் உயிரிழந்தார், தம்பியும் பிழைக்கவில்லை. கூடவே உடை மாற்றிய தோழனை இழந்த இளைஞர்களைக் களத்துக்கு அழைத்துப் போவது எந்த வியூகத்திலும் அடங்காத வேலை. மறு ஆண்டு அதே அணிதான் சாம்பியன்.

சுழல்நேசன்:
பாகிஸ்தான் சுழற்பந்து வீச்சாளர் முஷ்டாக் அகமது என்ற பெயரை இன்னும் யாரும் எழுதவில்லையே! 2003இல் 103 விக்கெட். 2006இல் 102. 2007இல் 90. ஒரு முனையில் அந்த லெக் ஸ்பின் நாள் முழுதும் சுழன்றுகொண்டிருந்தால் யார் கேப்டனாக இருந்தாலும் கோப்பை வரும். 2008இல் முழங்கால் காயத்தால் அவர் ஓய்வு பெற்றார். 2009இல் சசெக்ஸ் இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்?

பழுப்பு ஏடு:
நான் வயதில் மூத்தவன். பழைய ஸ்கோர் அட்டைகளோடு வாழ்பவன். நீங்கள் மூவரும் 1960க்குப் பின்னாலேயே நின்றுவிட்டீர்கள். ரஞ்சித்சிங்ஜி 1899 முதல் 1903 வரை இந்த அணியின் கேப்டன். 1901இல் டான்டனில் சோமர்செட்டுக்கு எதிராக அவர் எடுத்த ஆட்டமிழக்காத 285, ஒரே இன்னிங்ஸில் சசெக்ஸ் ஆட்டக்காரர் ஒருவர் எடுத்த அதிக ரன் என்ற சாதனை. அதை 1930இல் உடைத்தவர் அவருடைய சகோதரர் மகன் துலீப்சிங்ஜி. சசெக்ஸின் சொந்த மைதானம் இருக்கும் ஹோவில் நார்தாம்ப்டன்ஷைருக்கு எதிராக ஒரே நாளில் 333.

அந்தத் துலீப்தான் 1932இல் கேப்டன். வயது 27. நெஞ்சு நோய் உள்ளுக்குள் தின்றுகொண்டிருக்க, அணியைச் சாம்பியன்ஷிப் போட்டியில் நிறுத்தி வைத்திருந்தார். ஆகஸ்டில் உடல் கைவிட்டது. சசெக்ஸ் யார்க்‌ஷைருக்கு அடுத்த இடத்தில் முடிந்தது. ஆஸ்திரேலியப் பயணத்துக்குத் தேர்வாகியும் போக முடியவில்லை. அதன்பின் அவர் முதல்தரக் கிரிக்கெட் ஆடவே இல்லை. ஒரே ஒரு பருவம்தான். ஆனால் தன்னைக் கரைத்து அணியைத் தூக்கியவர் வேறு யார்?

தெற்குக் கடற்கரை:
ஐயா, துலீப் கதையைப் படிக்கும்போது மனம் கனக்கிறது. ஆனால் அது பெரும்பாலும் அவருடைய மட்டையின் பெருமையும் மன உறுதியும். பந்துவீச்சை எப்படி மாற்றினார், இளைஞர்களை எப்படி வளர்த்தார் என்று ஒரு பருவத்தை வைத்து எப்படிச் சொல்வது? இரண்டாமிடத்தைக் கணக்கில் எடுத்தால் 1953இல் டேவிட் ஷெப்பர்டும் (பிற்காலத்தில் லிவர்பூல் ஆயர்), 1981இல் ஜான் பார்க்ளேயும் வரிசைக்கு வருவார்கள். பார்க்ளே நாட்டிங்ஹாம்ஷைரிடம் கோப்பையை விட்டது வெறும் இரண்டு புள்ளியில்.

பழுப்பு ஏடு:
வரட்டுமே. அவர்களையும் மறக்கக் கூடாது என்பதுதான் என் வாதம். 2003க்கு முன் ஏழு முறை இரண்டாமிடம் பிடித்த அணி இது. அந்த ஏழில் ஒவ்வொன்றுக்கும் ஒரு கேப்டன் இருந்தார்.

நான்காம் நாள்:
சுழல்நேசனுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். முஷ்டாக் ஹோவுக்கு வந்தபோது அவரை யாரும் விரட்டிப் பிடிக்கவில்லை. சோமர்செட்டில் ஆடி முடித்தவர், பாகிஸ்தான் அணிக்கு வெளியே இருந்தவர், முப்பதைத் தாண்டியவர். சோமர்செட்டிலும் அதே கைதான், அதே கூக்ளிதான் (எதிர்பார்த்த திசைக்கு மாறாகத் திரும்பும் பந்து). அங்கே சாம்பியன்ஷிப் வரவில்லையே, ஏன்? இங்கே அவர் ரன் கொடுத்த நாளிலும் பந்தைப் பிடுங்காத ஒரு கேப்டன் கிடைத்தார். 2009 பற்றி நீங்கள் சொன்னதில் ஒன்று விடுபட்டது: 2008 முடிவில் ஆடம்ஸும் கேப்டன் பதவியை விட்டுவிட்டார். இருவரும் இல்லாத ஆண்டை ஒருவர் கணக்கில் மட்டும் எழுதாதீர்கள்.

2003 செப்டம்பர் 18ஆம் தேதியையும் நினைத்துப் பாருங்கள். எதிரணி லெஸ்டர்ஷைர். சசெக்ஸுக்கு வெற்றிகூட வேண்டாம், ரன் குவித்தால் கிடைக்கும் போனஸ் புள்ளிகள் போதும். ஸ்கோர் 300ஐத் தொட்டால் பட்டம். ஃபில் டெஃப்ரைட்டஸ் வீசிய பந்தை சசெக்ஸின் முர்ரே குட்வின் மடக்கி நான்குக்கு அடித்தார். ஆட்டம் அப்படியே நின்றது. அணியினர் மைதானத்தைச் சுற்றி வந்தார்கள். பிறகு மறுபடி மட்டையை எடுத்துக்கொண்டு போய் குட்வின் ஆட்டமிழக்காமல் 335 வரை அடித்தார். பழுப்பு ஏடு ஐயா, உங்கள் துலீப்பின் 333 விழுந்தது அந்த இன்னிங்ஸில்தான்.

பழுப்பு ஏடு:
தெரியும், தம்பி. என் ஏட்டில் 333க்குப் பக்கத்திலேயே அந்தத் தேதியையும் எழுதி வைத்திருக்கிறேன். 2009இல் குட்வினே அதையும் தாண்டி ஆட்டமிழக்காமல் 344 எடுத்தது எந்த ஊரில் என்று பாருங்கள்: டான்டன். ரஞ்சி 285 அடித்த அதே ஊர், அதே சோமர்செட்.

சுழல்நேசன்:
2008 விஷயத்தில் நான்காம் நாள் சொல்வது சரி. அதை நான் கணக்கில் எடுக்கவில்லை. ஆனாலும் 103 என்ற எண்ணை விட்டு என்னால் நகர முடியவில்லை.

தெற்குக் கடற்கரை:
ஆடம்ஸ் கட்டி எழுப்பியவர் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். 1997இன் நிலைமை அவ்வளவு மோசம் என்பது என் கண்ணில் படவில்லை. ஆனால் 2006இல் அவருடைய அணி லார்ட்ஸில் ஒருநாள் கோப்பையையும் வென்றதே, நினைவிருக்கிறதா? லங்காஷைருக்கு எதிராக வெறும் 172 எடுத்துவிட்டு, ஜேம்ஸ் கிர்ட்லியின் ஐந்து விக்கெட்டால் 15 ரன்னில் வென்ற ஆட்டம். அதே மைதானம், சிறிய ஸ்கோர், இழுத்துப் பிடித்த முடிவு. 43 ஆண்டுக்கு முன் அந்த வழியை முதலில் நடந்து காட்டியவர் டெக்ஸ்டர். என் வாக்கு மாறவில்லை.