சேலம்: லாரி முன்கண்ணாடி மாற்றிய பிறகு கேமரா லைட் அணையவில்லை, அவசரம்

டிரெய்லர்_சேலம் (புதன், காலை 9.12)
அண்ணன்மார்களே, அவசரம். வண்டிக்கு முன்கண்ணாடி புதிதாகப் போட்டோம். அதில் இருந்து டேஷ்போர்டில் மஞ்சள் கேமரா லைட் எரிந்துகொண்டே இருக்கிறது. ஸ்கேனர் வைத்துக் கோளாறுக் கோடு (code) அழித்தாச்சு. அழித்ததும் அணைகிறது, கொஞ்ச தூரம் போனதும் திரும்ப வந்துவிடுகிறது. நாளை ராத்திரி பெங்களூருக்கு காயில் (எஃகுச் சுருள்) லோடு. சேலத்தில் இதை யார் செட் பண்ணுவார்கள்?

நாமக்கல்_பாடி (9.20)
என்ன வண்டி? எந்த வருஷம்? கேமரா கம்பெனியில் இருந்தே வந்ததா, வெளியில் வாங்கி மாட்டியதா? கேபினுக்குள் டிரைவர் முகத்தைப் பார்க்கிற கேமராவும் உண்டு, ரோட்டைப் பார்க்கிற கேமராவும் உண்டு. எது? இதெல்லாம் தெரியாமல் என்ன சொல்வது தம்பி.

24வோல்ட் (9.26)
முதலில் எர்த் பாருங்கள். கண்ணாடி மாற்றும்போது பில்லர் டிரிம் (கண்ணாடி ஓரத் தூணின் உள் மூடி) கழற்றியிருப்பார்கள், அங்கே ஒயர் இழுபட்டிருக்கும். கேபினுக்கும் சேஸிஸுக்கும் நடுவில் போகிற எர்த் பட்டையையும் கழற்றித் தேய்த்து மாட்டுங்கள். வண்டி ஓடும்போது 27, 28 வோல்ட் நிற்க வேண்டும். லைட் வந்து வந்து போகிறது என்றாலே எனக்கு எர்த்தில்தான் சந்தேகம்.

ஸ்டியரிங்_ஓமலூர் (9.41)
ஒயரைக் கழற்றி விட்டுவிட்டு ஓட்டுங்கள் அண்ணா. அந்த லைட் எரிந்தால் தானாகப் பிரேக் பிடிக்காது, லைன் தாண்டினால் சத்தம் போடாது. இவ்வளவு நாள் அது இல்லாமல்தானே ஓட்டினோம்.

டயக்னாஸ்டிக்_குரு (10.05)
இதே கேள்வி இங்கே வந்துகொண்டே இருக்கிறது. பழைய இழைகளைத் தேடிப் படிக்க ஒருவருக்கும் பொறுமை இல்லை. சரி, இன்னொரு தடவை சொல்கிறேன், கவனமாகப் படியுங்கள்.

கோடு அழிப்பது வேறு, காலிபரேஷன் வேறு. கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற கேமரா "எனக்கு நேர் எதிர் எது, தரை எவ்வளவு கீழே" என்று ஒரு கணக்கை மனதில் வைத்திருக்கிறது. கண்ணாடியை எடுத்ததும் அந்தக் கணக்கு செல்லாது. புதிதாகச் சொல்லிக்கொடுக்காத வரை கோடு வந்துகொண்டேதான் இருக்கும். லாரியின் கம்ப்யூட்டர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்கிற ஜே1939 முறையில், கோடோடு எஃப்எம்ஐ என்று கோளாறு எந்த வகை என்று சொல்கிற ஒரு எண் வரும். 13 என்று வந்தால் காலிபரேஷன் இல்லை என்று அர்த்தம். ஒயர் அறுந்திருந்தால் 5 வரும், எர்த்தில் ஷார்ட் ஆகியிருந்தால் 4. கேள்வி கேட்கும் முன் அந்த எண்ணைப் பார்த்து எழுதியிருந்தால் எல்லோருக்கும் நேரம் மிச்சம்.

நாமக்கல்_பாடி (10.11)
குரு சொல்வது சரி. ஆனால் அவசரத்தில் இருக்கிற மனுஷனிடம் கொஞ்சம் பொறுமையாகச் சொல்லலாம்.

டிரெய்லர்_சேலம் (11.30)
ரோட்டைப் பார்க்கிற கேமரா. கம்பெனி ஃபிட்டிங். டிரெய்லர் இழுக்கிற 55 டன் டிராக்டர், 2023. கம்பெனி பெயரைப் பொதுவில் போடவில்லை, தனிச்செய்தியில் சொல்கிறேன். கோடில் 13 என்றுதான் இருக்கிறது. நேற்று ஸ்கேனர்காரர் ஏதோ ஒன்றை ஆரம்பித்துவிட்டு, நேராக ஓட்டுங்கள், தானாக முடிந்துவிடும் என்றார். தொப்பூர் வரைக்கும் போய் வந்தோம். முடியவில்லை.

ஏற்காடு_பிக்கப் (11.44)
தொப்பூர் பக்கம் போனால் எப்படி முடியும்? ஓட்டிக்கொண்டே செய்கிற காலிபரேஷனுக்கு நேர் ரோடு வேண்டும், இரண்டு பக்கமும் வெள்ளைக் கோடு தெளிவாக இருக்க வேண்டும், வேகம் ஒரே சீராக நிற்க வேண்டும். கணவாய் வளைவில் கேமரா என்ன கற்றுக்கொள்ளும்? என் வண்டியை ஏற்காடு ரோட்டில் 20 கொண்டை ஊசி வளைவில் ஏற்றி இறக்குகிற எனக்கே தெரிகிறது. நாமக்கல் ரோட்டில் போங்கள். மல்லூர் தாண்டினால் நேராக இருக்கும்.

சங்ககிரி_ஓனர் (11.58)
சங்ககிரி ரோடும் நல்ல ரோடுதான். ஆனால் சாயங்காலம் வேண்டாம். சேலத்தில் இருந்து மேற்கே இறங்கும்போது சூரியன் நேராகக் கேமராவுக்குள் அடிக்கும், ரோட்டு வெள்ளைக் கோடு தெரியாது. காலையில் போங்கள், வெயில் முதுகுப் பக்கம் இருக்கும்.

இன்னொன்று. வேகக் கட்டுப்பாட்டுக் கருவி எவ்வளவில் இருக்கிறது? சட்டப்படி சரக்கு வண்டிக்கு 80. மைலேஜுக்காக அதையும் குறைத்து 60-ல் நிறுத்தி வைக்கிற முதலாளிகளை எனக்குத் தெரியும். தடம் விலகல் எச்சரிக்கை பெரும்பாலும் 60-க்கு மேல்தான் வேலை செய்யும். காலிபரேஷனுக்கும் அப்படி ஒரு குறைந்தபட்ச வேகம் உண்டு. அதைத் தொடவே இல்லை என்றால் பெங்களூர் வரை ஓட்டினாலும் முடியாது. எனக்கென்னவோ இதுதான் காரணம் என்று படுகிறது.

24வோல்ட் (12.03)
எர்த் பார்த்தீர்களா இல்லையா?

டிரெய்லர்_சேலம் (12.40)
80-ல்தான் இருக்கிறது. எர்த் பார்த்தாச்சு, நன்றாக இருக்கிறது. நாமக்கல் ரோட்டில் போய்ப் பார்க்கிறோம்.

கொண்டலாம்பட்டி_கிளாஸ் (13.15)
கண்ணாடி வேலை செய்கிறவன் என்ற முறையில் ஒன்று கேட்கிறேன். புதுக் கண்ணாடியில் கேமரா பிராக்கெட் (கேமராவைத் தாங்குகிற பிடி) ஒட்டியே வந்ததா, இல்லை பழைய கண்ணாடியில் இருந்ததைப் பெயர்த்து ஒட்டினார்களா? கேமராவுக்கு முன்னால் கண்ணாடியில் கறுப்புப் புள்ளி பார்டரோ சன் ஃபிலிமோ குறுக்கே வருகிறதா? வண்டிக்கு வெளியே நின்று, நேர் எதிரில் இருந்து ஒரு போட்டோ எடுத்துப் போடுங்கள். அதைப் பார்க்காமல் எந்த ரோட்டில் ஓட்டியும் பிரயோஜனம் இல்லை.

டயக்னாஸ்டிக்_குரு (13.30)
பிராக்கெட்டுக்கு முன் பார்க்க வேண்டியவை நிறைய இருக்கின்றன. டயர் காற்று எல்லாவற்றிலும் சமமா? கேபின் சஸ்பென்ஷன் ஒரு பக்கம் இறங்கியிருக்கிறதா? கேபின் லாக் முழுதாக விழுந்திருக்கிறதா? பின் ஆக்சில் நேராக இருக்கிறதா? பின் ஆக்சில் கோணலாக இருந்தால் வண்டி பார்க்கிற திசை ஒன்று, போகிற திசை ஒன்று. கேமரா கேபினோடு சேர்ந்து தப்பான பக்கம் பார்க்கும். முதலில் அலைன்மென்ட், அப்புறம்தான் கேமரா. அடிப்படையே தெரியாமல் கண்ணாடியில் ஆரம்பிக்கிறார்கள்.

கொண்டலாம்பட்டி_கிளாஸ் (13.42)
குரு, கண்ணாடி மாற்றுவதற்கு முன் லைட் எரியவில்லை. ஆக்சில் அன்றைக்கும் இதே ஆக்சில்தான். மாறியது எதுவோ அதை முதலில் பார்ப்போம்.

ஸ்டியரிங்_ஓமலூர் (14.10)
நான் மறுபடியும் சொல்கிறேன், கழற்றி விடுங்கள். காயில் லோடு என்கிறீர்கள். முன்னால் ஒன்றுமே இல்லாதபோது இது திடீரென்று பிரேக் போட்டால் சங்கிலி அறுந்து காயில் கேபினுக்குள் வரும். மேம்பாலத்து நிழலைப் பார்த்துக்கூட இது கத்தியிருக்கிறது. ஓட்டுகிறவனுக்குத்தான் தெரியும். எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் மாட்டி அனுப்புகிறார்கள்.

சங்ககிரி_ஓனர் (14.25)
தம்பி, கழற்றி விட்டு ஒரு விபத்து ஆகிவிட்டால் இன்சூரன்ஸ் சர்வேயர் முதலில் கேட்பது அதைத்தான். வண்டியோடு வந்த பாதுகாப்புக் கருவியை யார் கழற்றினார்கள் என்று கேட்டால் டிரைவர் பெயரைத்தான் எழுதுவார்கள். 2025-ல் வந்த மத்திய அரசு வரைவில் புது லாரி, பஸ்களுக்கு தானியங்கி அவசர பிரேக், தடம் விலகல் எச்சரிக்கை, தூக்க எச்சரிக்கை மூன்றும் சொல்லியிருக்கிறார்கள். இனி இது போகாது.

ஸ்டியரிங்_ஓமலூர் (14.38)
தொப்பூர் இறக்கத்தில் வண்டிகள் மோதுவது கேமரா இல்லாததாலா? பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போவதால். கியரில் இறக்கச் சொல்லிக்கொடுங்கள், எஞ்சின் பிரேக் பழக்குங்கள், தூங்க நேரம் கொடுங்கள். ராத்திரி முழுக்க ஓட்டிவிட்டு வருகிறவனுக்குக் கேமரா பதில் இல்லை.

நாமக்கல்_பாடி (14.50)
அதுவும் உண்மைதான். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறக்கிவிட்டு உயிரை விட்டவர்கள் உண்டு. சூடேறிய பிரேக் டிரம்மை எந்தக் கேமராவும் ஆற்றாது. ஆனால் சமதரையில் முன்னால் நிற்கிற வண்டியில் போய் இடிப்பது இதே டிரைவர்தான், அதே தூக்கம்தான். அங்கே இது உதவும். இரண்டையும் சேர்த்துக் குழப்ப வேண்டாம்.

ஸ்டியரிங்_ஓமலூர் (15.02)
தூக்கம் வருகிற மாதிரி டிரிப் போடுவது யார் என்று கேளுங்கள். ஓனர்கள் இங்கேதான் இருக்கிறார்கள்.

சங்ககிரி_ஓனர் (15.09)
நான் இரண்டு டிரைவர் போட்டுத்தான் அனுப்புகிறேன். எல்லோரையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

நாமக்கல்_பாடி (15.15)
இதற்குத் தனி இழை ஆரம்பியுங்கள். நியாயமான பேச்சுதான், ஆனால் இந்தத் தம்பிக்கு நாளை லோடு.

டிரெய்லர்_சேலம் (17.48)
நாமக்கல் வரை போய் வந்தோம். காலிபரேஷன் பாதி வரை ஏறி அப்படியே நின்றுவிட்டது, முடியவில்லை. பிராக்கெட் பழையதுதான். கிடைத்த கண்ணாடியில் பிராக்கெட் இல்லை, பிளேடு போட்டுப் பெயர்த்து இதில் ஒட்டினார்கள். போட்டோ போட்டிருக்கிறேன்.

கொண்டலாம்பட்டி_கிளாஸ் (18.05)
போட்டோவைப் பெரிதாக்கிப் பாருங்கள். பிராக்கெட்டின் மேல் விளிம்பும் கறுப்பு பார்டரும் இடது பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கின்றன, வலது பக்கம் ஒரு தீக்குச்சி போகிற இடைவெளி இருக்கிறது. அடியில் பழைய பசை முழுதாகச் சுரண்டப்படவில்லை, ஒரு மூலை தூக்கி நிற்கிறது. உங்கள் கேமரா சாய்ந்தும் இருக்கிறது, திரும்பியும் இருக்கிறது.

இது ஏன் பெரிய விஷயம் என்றால், கேமரா ஒரே ஒரு டிகிரி பக்கவாட்டில் திரும்பினால் 100 மீட்டர் தள்ளி அதன் பார்வை 1.75 மீட்டர் விலகிவிடும். நம் நெடுஞ்சாலையில் ஒரு லேன் 3.5 மீட்டர். அதாவது பாதி லேன். பக்கத்து லேனில் போகிற வண்டியை உங்கள் லேனில் இருப்பதாக எடுத்துக்கொண்டு பிரேக் போடும், இல்லை நேர் முன்னால் நிற்கிற வண்டியைப் பக்கத்து லேன் என்று விட்டுவிடும். கொஞ்சம் விலகல் இருந்தால் காலிபரேஷன் சரிக்கட்டிக்கொள்ளும். அந்த அளவைத் தாண்டினால் முடிக்க மறுத்துவிடும். அது மறுத்ததே நல்லது. ஓமலூர்த் தம்பி சொல்கிற பொய்ப் பிரேக்கில் சிலது இப்படி ஒட்டிய கண்ணாடியில் வருவதுதான்.

தொழிற்சாலையிலேயே பிராக்கெட் பதித்து வருகிற, உங்கள் மாடலுக்கான கண்ணாடியை வாங்குங்கள். பெயர்த்து ஒட்டுகிற வேலையை நான் என் கடையில் செய்வதில்லை, எவ்வளவு கெஞ்சினாலும். அடியில் தாங்குகட்டை கொடுத்து, மேலே டேப் போட்டுப் பிடித்து ஒட்டச் சொல்லுங்கள். இல்லையென்றால் லாரிக் கண்ணாடி தன் கனத்திலேயே பசை காயும் முன் சில மில்லிமீட்டர் கீழே இறங்கிவிடும், கேமராவும் கூடவே இறங்கும். பசை ட்யூபில் எத்தனை மணி நேரம் என்று போட்டிருக்கிறதோ அதுவரை வண்டியை எடுக்கக்கூடாது, கேபினைத் தூக்கவும் கூடாது.

டயக்னாஸ்டிக்_குரு (18.20)
போட்டோவில் தெரிகிறது, பிராக்கெட்தான். அதற்காக நான் சொன்னது தப்பாகிவிடாது. புதுக் கண்ணாடி போட்டதும் முதலில் கேமரா பார்க்கிற குறிப் போர்டை வண்டிக்கு எதிரே வைத்துக் காலிபரேஷன் செய்யுங்கள், ஓட்டிச் செய்வது அப்புறம். எது எது தேவை என்பது உங்கள் மாடலின் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும். போர்டுக்குத் தரை மட்டமாக இருக்க வேண்டும், மழைநீர் வடிய ஒரு பக்கம் சரித்துப் போட்ட பட்டறைத் தரை ஆகாது. டிரெய்லரைக் கழற்றிவிட்டு, காற்றுத் தொட்டி நிரம்பி, ஏர் சஸ்பென்ஷன் இருந்தால் அதன் ஓட்ட உயரத்தில் நிறுத்தி, தூக்குக் குண்டு விட்டு வண்டியின் நடுக்கோட்டைத் தரையில் போட்டு, அதில் இருந்து அளந்து போர்டை வையுங்கள். பேட்டரிக்குச் சார்ஜர் போட்டிருக்க வேண்டும். பம்பரில் ரேடார் இருந்தால் அதன் கோடையும் பாருங்கள், அதற்குத் தனி செட்டிங்.

சங்ககிரி_ஓனர் (18.34)
கண்ணாடிக்கு இன்சூரன்ஸ் போடுகிறீர்கள் என்றால் காலிபரேஷன் கூலியையும் எஸ்டிமேட்டில் தனி வரியாக எழுதச் சொல்லுங்கள். பின்னால் கேட்டால் இழுத்தடிப்பார்கள்.

ஏற்காடு_பிக்கப் (18.50)
அதுவரைக்கும் லோடு ஏற்றலாமா கூடாதா? அவருக்கு இப்போது தெரிய வேண்டியது அதுதானே.

கொண்டலாம்பட்டி_கிளாஸ் (19.02)
முன்கண்ணாடி உறுதியாக ஒட்டியிருந்தால் ஓட்டுவதில் தடை இல்லை. ஆனால் உதவி எதுவும் இல்லை என்று டிரைவருக்கு வாய்விட்டுச் சொல்லி அனுப்ப வேண்டும். அந்த வண்டியில் பழகியவர் அது கத்தும் என்று எதிர்பார்த்துக்கொண்டே ஓட்டுவார். என்னைக் கேட்டால் லோடை ஒரு நாள் தள்ளுங்கள். ஸ்கேனரில் கோடை அழித்து லைட் இல்லாமல் அனுப்புவது மட்டும் கூடவே கூடாது. லைட் எரிந்தால் டிரைவருக்கு உண்மை தெரியும்.

ஸ்டியரிங்_ஓமலூர் (19.15)
இதை ஒத்துக்கொள்கிறேன். டிரைவரிடம் சொல்லி அனுப்புங்கள்.

24வோல்ட் (19.20)
பேட்டரிக்குச் சார்ஜர் என்று குருவே சொல்லிவிட்டார். வோல்டேஜ் முக்கியம்.

டிரெய்லர்_சேலம் (திங்கள், இரவு 8.55)
பிராக்கெட்டோடு கண்ணாடி வந்தது, போட்டாச்சு. லோடை வேறு வண்டியில் அனுப்பினோம். போர்டு வைத்துச் செய்தார்கள், அப்புறம் காலையில் நாமக்கல் ரோட்டில் ஓட்டினோம், ராசிபுரம் பிரிவு தாண்டும் முன்பே முடிந்துவிட்டது. லைட் இல்லை. எல்லோருக்கும் நன்றி.

நாமக்கல்_பாடி (21.10)
சந்தோஷம் தம்பி. போர்டு வைத்து எங்கே செய்தீர்கள், எவ்வளவு ஆயிற்று? எங்கள் வண்டி ஒன்றுக்கும் அடுத்த வாரம் கண்ணாடி மாற்ற வேண்டும்.

நாமக்கல்_பாடி (வியாழன், காலை 10.02)
தம்பி, பார்த்தால் சொல்லுங்கள்.

கொண்டலாம்பட்டி_கிளாஸ் (10.30)
அவர் லோடில் இருப்பார். உங்கள் வண்டி எந்த மாடல், எந்த வருஷம்? கண்ணாடி வாங்கும் முன் பழைய கண்ணாடியின் மேல்பகுதியை உள்ளே இருந்தும் வெளியே இருந்தும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள்.