மேட் பெயிண்ட் மேல் ஒட்டிய டெக்கால் வெள்ளி பூக்கிறது – 1/72 ஸ்பிட்ஃபயர்

தாள்சிறகு:
கிட் 1/72 அளவு ஸ்பிட்ஃபயர் மார்க் 9 பிளாஸ்டிக் மாடல் விமானம். டாமியா எக்ஸ்.எஃப் வரிசை மேட் (பளபளப்பற்ற) அக்ரிலிக், தூரிகையால் அடித்தது. அடிப்பக்கம் டெக்கால்களை (நீரில் நனைத்து ஒட்டும் சின்னம், எழுத்துப் படலங்கள்) நேரே பெயிண்ட் மேலேயே ஒட்டியாயிற்று. காய்ந்ததும் ஸ்டென்சில் எனும் குட்டிக் குறிப்பு எழுத்துகளைச் சுற்றி ஆடை படிந்த மாதிரி வெண்மை. சாய்த்துப் பார்த்தால் வெள்ளியாக மின்னுகிறது. மேல்பக்கம் இன்னும் பாக்கி.

ஒட்டியதைக் காப்பாற்ற வழி உண்டா? மேல்பக்கத்துக்கு எக்ஸ்-22 கிளியர் (நிறமற்ற பளபளப்புப் பூச்சு) இருக்கிறது, ஏர்பிரஷ் இல்லை. தூரிகையால் அடிக்கலாமா? பேனல் லைன் வாஷ் (தகடு இணைப்புக் கோடுகளில் ஓடவிடும் நீர்த்த நிறம்) எந்தக் கட்டத்தில் வரணும்?

பசைவிரல்:
முதலில் எக்ஸ்-22 பாட்டிலை மூடி வையுங்க. டாமியா அக்ரிலிக் ஆல்கஹால் சார்ந்த பெயிண்ட். அதே கரைப்பான் உள்ள கிளியரைத் தூரிகையால் இழுத்தால் கீழே இருக்கிற பச்சையும் சாம்பலும் கரைஞ்சு கூடவே வரும். எக்ஸ்-22 நல்ல சரக்குதான், ஆனா ஸ்ப்ரே பண்றதுக்கு.

ஏர்பிரஷ் இல்லாதவங்களுக்குத் தண்ணீர் சார்ந்த கிளாஸ் (பளபளப்பு) வார்னிஷ்தான் பாதுகாப்பு. வல்யேஹோ மாதிரி ஏதாவது. பாட்டிலைக் குலுக்காதீங்க, குமிழி வரும், குச்சியால் கிளறுங்க. 10 மி.மீ. அகல மெத்தென்ற தட்டைத் தூரிகை. ஒரு இறக்கையை ஒரே மூச்சில் முடிச்சுட்டு, பாதி காய்ந்த இடத்துக்குத் திரும்பவே போகாதீங்க. போனால் வரி வரியா நிற்கும். மெல்லிசா 3 பூச்சு, ஒவ்வொண்ணும் தொட்டால் ஒட்டாத அளவு காய்ந்த பிறகு அடுத்தது. கடைசிப் பூச்சுக்கு அப்புறம் 24 மணி நேரம் தொடக்கூடாது. விளக்குக்கு நேரே பிடிச்சா பல்பு உருவம் உடையாமல் தெரியணும். கலங்கித் தெரிஞ்சா இன்னொரு பூச்சு.

காரணம் இதுதான்: மேட் பரப்பு கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளம். டெக்காலின் படலம் மேடுகள் மேல மட்டும் உட்காரும், பள்ளத்தில் காற்று மாட்டிக்கும். அந்தக் காற்றில் சிதறுகிற வெளிச்சம்தான் உங்க வெள்ளி. அச்சு மை உள்ள இடத்தில் மறைஞ்சுடும், வெறும் படலத்தில் காட்டிக்கொடுக்கும். அதனாலதான் வட்டச் சின்னத்தைவிட ஸ்டென்சிலில் மோசமா இருக்கு.

நுண்கத்தி:
ஒட்டியவற்றைப் பெரும்பாலும் மீட்கலாம். புதிய பிளேடு முனை அல்லது மெல்லிய ஊசியால், வெண்மை உள்ள இடத்தில் மட்டும் 1 மி.மீ. இடைவெளியில் குத்துங்கள். கீறாமல், செங்குத்தாக. மேலே மைக்ரோ சால் (டெக்காலை மெத்தென்று ஆக்கும் கரைசல்) ஒரு சொட்டு. அது துளை வழியாக உள்ளே போய்க் காற்றை வெளியேற்றும். முழுதாகக் காய விட்டுப் பாருங்கள்; மூன்று நான்கு முறை திரும்பச் செய்ய வேண்டியிருக்கலாம். இடையில் படலம் சுருங்கிக் கசங்கியது போலத் தெரியும். விரலை வைத்தால் கிழிந்துவிடும். அப்படியே விட்டால் தானே இழுத்துக்கொண்டு படியும்.

அதற்கும் அடங்காத ஸ்டென்சிலை மாஸ்கிங் டேப் ஒட்டி உரித்துவிடுங்கள். 1/72-இல் ஒரு ஸ்டென்சில் குறைந்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள். வெள்ளி பூத்த ஸ்டென்சிலை எல்லோரும் கவனிப்பார்கள்.

மேல்பக்கம் ஒட்டும்போது: எழுத்தை ஒட்டினாற்போல் படலத்தை வெட்டிவிடுங்கள். வெதுவெதுப்பான நீரில் 10–15 வினாடி போதும், பிறகு ஈரத் தாளில் ஒரு நிமிடம். நீரிலேயே ஊறப்போட்டால் பசை கரைந்து போகும். ஒட்டும் இடத்தில் மைக்ரோ செட் தடவி, நகர்த்தி வைத்து, ஈரப் பஞ்சுக்குச்சியை நடுவிலிருந்து ஓரத்துக்கு உருட்டுங்கள். தேய்க்க வேண்டாம். மைக்ரோ சால் கரைசலைப் பிறகு தடவுங்கள். செட் ஒட்ட வைப்பது, சால் மெத்தென்று ஆக்கிப் பள்ளத்துக்குள் படிய வைப்பது; மாற்றிப் போட்டால் நகர்த்தும் முன்பே படலம் குழைந்துவிடும். இறக்கையில் வரும் நீளமான எல்லைக் கோடுகளை இரண்டு மூன்று துண்டாக வெட்டி ஒட்டினால் முறுக்கிக்கொள்ளாது.

தாள்சிறகு:
நன்றி. டெக்கால் வரும் இடத்தில் மட்டும் கிளாஸ் அடித்தால் போதாதா?

பசைவிரல்:
போதும்தான், ஆனா அந்தத் திட்டின் ஓரம் கடைசி மேட் பூச்சுக்குக் கீழேயும் லேசாத் தெரியும். பேனல் லைன் வரைக்கும் இழுத்து நிறுத்தினால் ஓரம் ஒளிஞ்சுக்கும். எப்படியும் வாஷ் போடப்போறீங்க, முழுசா அடிச்சுடுங்க.

எண்ணெய்த்துளி:
வாஷ் பற்றி. வரிசை: பெயிண்ட், கிளாஸ், டெக்கால், டெக்காலை மூட மறுபடி ஒரு கிளாஸ், வாஷ், மேட். இரண்டாவது கிளாஸை விட்டுவிட்டால் டெக்கால் ஓரத்தில் வாஷ் தேங்கி, ஒவ்வொரு ஸ்டென்சிலுக்கும் பழுப்புச் சட்டம் போட்டதுபோல் ஆகும்.

ஆயில் பெயிண்டை மணமற்ற ஒயிட் ஸ்பிரிட்டில் அழுக்குத் தண்ணீர் பதத்துக்குக் கரையுங்கள். காய்ந்துவிட்ட, தண்ணீர் சார்ந்த வார்னிஷை அது கரைக்காது. லாக்கர் தின்னர் கூடவே கூடாது. இறக்கை முழுக்கக் குளிப்பாட்டாமல் கோட்டில் முனையால் தொட்டால் தானே ஓடும். அரை மணி கழித்து, ஸ்பிரிட் லேசாக நனைந்த பஞ்சால் காற்றோட்டத் திசையில், அதாவது முன்னிருந்து பின்னாக, துடையுங்கள்.

வெறும் பிளாஸ்டிக் தெரியும் இடத்தில் இந்த வாஷை விடாதீர்கள், முக்கியமாக இறங்குசக்கரக் கால் பொருந்தும் துளையில். இறுக்கமாகச் செருகிய பாகத்தில் கரைப்பான் ஊறினால் பிளாஸ்டிக் விரிசல் விட்டுக் கால் ஒடியும்.

கறுப்பு வேண்டாம். 1/72-இல் 0.1 மி.மீ. கோடு என்பது நிஜ விமானத்தில் 7.2 மி.மீ. இடைவெளி. ஏற்கெனவே மிகை, அதில் கறுப்பை ஊற்றினால் ஓடு போட்ட தரை. அடிப்பக்கச் சாம்பலுக்கு அதைவிட இரண்டு படி அடர்ந்த சாம்பல், மேலே அடர்பழுப்பு. அய்லரான், எலிவேட்டர், ரடர் ஆகிய அசையும் பாகங்களின் கீல் கோடுகளை மட்டும் இன்னும் இருட்டாக்கலாம். அங்கே நிஜமாகவே இடைவெளி உண்டு.

நுண்கத்தி:
மேட் வார்னிஷுக்கு ஒரு எச்சரிக்கை. மேட் தூள் பாட்டில் அடியில் தங்கியிருக்கும், அடிவரை கிளறினால்தான் சீராக வரும். மெல்லிய பூச்சு இரண்டுக்கு மேல் போகாதீர்கள். தூள் கூடினால் உறைபனி பிடித்தது போல் வெளுக்கும். சாம்பலில் தெரியாது, அடர்பச்சையில் உடனே தெரியும். அதனால் சோதனையை அடர்பச்சை அடித்த ஸ்ப்ரூ (கிட் பாகங்களைத் தாங்கும் பிளாஸ்டிக் சட்டம்) துண்டில் செய்யுங்கள்.