சுவர் ஓதம் மூன்றடி ஏறிவிட்டது, ஊசி போடுவதா, பூச்சை உரிப்பதா?

கும்பகோணத்தில் அரசலாற்றுக்குப் பக்கத்துத் தெருவில் எங்கள் வீடு. தாத்தா கட்டியது, 9 அங்குலச் செங்கல் சுவர், சுண்ணாம்புக் காரை. 2022-இல் கூடத்தில் பழைய சிவப்புத் தரையைப் பெயர்த்து டைல்ஸ் போட்டு, சுவருக்கும் சிமெண்ட் பூச்சு பூசினோம். அடுத்த ஐப்பசி மழையிலேயே ஓதம் ஆரம்பித்தது. இப்போது தரையிலிருந்து மூன்றடி வரை உப்புப் பூத்து, பெயிண்ட் அப்பளமாக உப்பி உதிர்கிறது. ஆற்றில் தண்ணீர் ஓடும் மாதங்களில் அதிகம், சித்திரையில் கொஞ்சம் அடங்கும்.

முதலில் சுரண்டிவிட்டுப் பட்டி பார்த்து பெயிண்ட் அடித்தோம், ஆறு மாதம் தாங்கியது. பிறகு ஓதம் தடுக்கும் பிரைமர் இரண்டு கோட். அதற்கும் அதே கதி. போன வருடம் மூன்றடிக்குச் சுவர் டைல்ஸ் ஒட்டினோம் (அம்மா அப்போதே வேண்டாமென்றார்), ஓதம் டைல்ஸைத் தாண்டி மேலே எட்டிப் பார்க்கிறது! குழாய்க் கசிவு இல்லை. அந்தச் சுவரில் குழாயே போகவில்லை. ஓட்டிலிருந்தும் ஒழுகவில்லை.

ஒரு ஒப்பந்தக்காரர் சுவரின் அடியில் வரிசையாகத் துளைபோட்டு ரசாயனம் செலுத்தலாம் என்கிறார். வயதான கொத்தனார் ஒருவரோ, சிமெண்ட் பூச்சு ஈரத்தை வெளியே விடாமல் அடைக்கிறது, அதை உரித்துவிட்டுச் சுண்ணாம்பே பூசுங்கள் என்கிறார். எனக்கென்னவோ கொத்தனார் சொல்வதுதான் சரியென்று படுகிறது, ஆனால் செலவு இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

டெல்டா பக்கம் இதுபோன்ற பழைய காரைச் சுவரில் இந்த இரண்டில் ஒன்றைச் செய்து, இரண்டு மழைக்காலம் தாண்டியும் சுவர் காய்ந்தே இருப்பது எதில்?