‘ஈரப்பதம்’ ஒன்றே போதாது: ‘நீர்த்தளர்வு’ என்னும் சொல் குறித்து

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

உணவு கெடுமா என்பதைக் காட்டும் ‘water activity’ என்னும் அளவுக்குத் தமிழில் சென்ற வாரம் நான் முன்வைத்த ‘நீர்முனைப்பு’ என்னும் சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். தக்கலையிலிருந்து எழுதிய வேதியியல் ஆசிரியர் ஐயா காட்டிய குறை சரியானது. நீர் மூலக்கூறு முனைவுற்றது என்று மேல்நிலை வகுப்பில் படிக்கும் மாணவர், ‘நீர்முனைப்பு’ என்று கேட்டால் மின்முனைகளைத்தான் நினைப்பார். உலர்காளானின் கெடுதலை நினைக்க மாட்டார். ஆனால் சொல்லைக் கைவிட்டாலும் அதன் தேவை தீரவில்லை. ஆகவே வேறொரு சொல்லை இன்று உங்கள் முன் வைக்கிறேன். அதற்கு முன், புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக, இந்தத் தேவை எங்கே எழுந்தது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

கன்னியாகுமரி மாவட்டத்தின் திருவட்டார், குலசேகரம் பகுதிகளில் சிப்பிக் காளானும் பால் காளானும் வளர்க்கும் மகளிர் குழுக்களுக்காக நான் ஒரு கையேடு எழுதினேன். அதில் ‘ஈரப்பதம்’ என்னும் சொல் மூன்று இடங்களில் வருகிறது. வைக்கோல் படுக்கையின் ஈரப்பதம் 65 சதவீதம் இருக்க வேண்டும். காளான் மொட்டு விடும் குடிலில் ஈரப்பதம் 85 சதவீதம் இருக்க வேண்டும். உலர்த்திய காளானின் ஈரப்பதம் 10 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. எழுதும்போது இவற்றில் எனக்கு எந்தக் குழப்பமும் தோன்றவில்லை. முதல் எண் எடைக் கணக்கு. நூறு கிராம் வைக்கோலில் எத்தனை கிராம் நீர் என்பது. இரண்டாவது எண் காற்றைப் பற்றியது. அந்த வெப்பநிலையில் காற்று தாங்கக்கூடிய நீராவியில் எத்தனை பங்கு இப்போது இருக்கிறது என்பது. மூன்றாவது எண் மறுபடியும் எடைக் கணக்கு. நெல் கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பதத்துக்காக வாதாடிப் பழகிய நம் உழவர்களுக்கு எடைக் கணக்கு நன்றாகவே புரியும். அதனாலேயே அவர்கள் மூன்று எண்களையும் ஒரே வகையாக எடுத்துக்கொண்டார்கள். பிழை என்னுடையது.

இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) பிடித்த மூன்றாம் வாரத்தில் ஒரு குழுவின் தலைவி கால் கிலோ உலர்காளான் பொட்டலம் ஒன்றைக் கொண்டுவந்தார். உலர்த்தும்போது ஒடித்தால் சடக்கென்று முறிந்த காளான், தோல் செருப்பின் வார்போல வளைந்தது. குடையின் அடிப்புறத்தில், செவுள்களின் இடுக்கில், சாம்பல் கலந்த பச்சையாகப் பூஞ்சை ஓடியிருந்தது. பொட்டலத்தைப் பிரித்ததும் மழையில் ஊறிய சாக்கின் மணம் வந்தது. “ஒரு கிலோ காளான் நூற்றுப் பத்து கிராமுக்கு வருகிறவரை காய வைத்து, தராசில் நிறுத்துப் பார்த்துத்தானே கட்டினோம், அக்கா?” என்று அவர் கேட்டார். அவர் செய்தது முழுவதும் சரி. புதுக் காளானில் பத்தில் ஒன்பது பங்கு நீர். ஒரு கிலோவில் உலர்பொருள் நூறு கிராம்தான். அது 110 கிராமுக்கு வந்தால் ஈரப்பதம் 10 சதவீதத்துக்குக் கீழ்தான். கட்டிய அன்று அந்தக் காளானில் குறை எதுவும் இல்லை. அதன் பிறகு மெல்லிய பாலித்தீன் உறையில், வாய் சரியாக மூடாமல், சமையலறைப் பரணில் இருந்த நாட்களில் காற்றிலிருந்து நீரைத் திரும்ப வாங்கிக்கொண்டது. “இவ்வளவு நீர் இருக்கலாம்” என்று எழுதிய நான், “இந்தக் காற்றில் வைத்தால் இதற்குமேல் ஏறும்” என்பதை எழுதவில்லை. எழுத எனக்கு ஒரு சொல் வேண்டியிருந்தது. அது என்னிடம் இல்லை.

உணவு அறிவியலில் அந்தக் கருத்துக்கு ஓர் அளவு இருக்கிறது; முதலில் சொன்ன ‘water activity’ அதுதான். ஒரு பொருளின் மேல் நிற்கும் நீராவியின் அழுத்தத்தை, அதே வெப்பநிலையில் தூய நீரின் மேல் நிற்கும் நீராவியின் அழுத்தத்தால் வகுத்தால் கிடைக்கும் விகிதம் அது. தூய நீருக்கு அது 1. எலும்பாக உலர்ந்த பொருளுக்கு 0-ஐ நெருங்கும். வேதியியலில் இதன் தாய்க்கருத்தை அமெரிக்க வேதியியலாளர் கில்பர்ட் லூயிஸ் 1907-இல் வகுத்தார். நுண்ணுயிர் வளர்ச்சியை இந்த அளவோடு பொருத்திக் காட்டிய ஆஸ்திரேலியர் டபிள்யூ. ஜே. ஸ்காட்டின் கட்டுரை 1953-இல் வந்தது. பெரும்பாலான பாக்டீரியாக்கள் 0.91-க்குக் கீழும், பெரும்பாலான ஈஸ்ட்டுகள் 0.88-க்குக் கீழும், பெரும்பாலான பூஞ்சைகள் 0.80-க்குக் கீழும் வளர்வதில்லை, வறட்சியைத் தாங்கும் சில பூஞ்சைகள் அதற்கும் கீழே வளரும், 0.60-க்குக் கீழே எதுவும் பெருகாது. உலர்காளானைக் காப்பது இந்த 0.60 என்னும் எல்லைதான். எடைக் கணக்கின் 10 சதவீதம் அந்த எல்லைக்குள் நிற்பதற்கான ஒரு வழிகாட்டி மட்டுமே.

எடையும் இந்த அளவும் வேறு வேறு என்பதற்கு நம் மாவட்டத்திலேயே இரண்டு சான்றுகள் உண்டு. மார்த்தாண்டம் தேனில் 18 சதவீதம் நீர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நன்றாக மூடி வைத்தால் ஆண்டுக்கணக்கில் கெடாது. அதே 18 சதவீத நீர் உலர்காளானில் இருந்தால் சில வாரங்களில் பூஞ்சை பிடிக்கும். தேனில் உள்ள சர்க்கரை அந்த நீரை இறுகப் பற்றியிருக்கிறது. காளான் அப்படிப் பற்றுவதில்லை. ரப்பர்க் காடுகளில் முதிரும் முன்பே எடுத்த தேனில் நீர் சற்றுக் கூடிவிட்டால், அந்தப் பிடி தளர்ந்து, சர்க்கரையில் வாழும் ஈஸ்ட்டுகள் கிளம்பி, தேன் நுரைத்துப் புளிப்பதை மார்த்தாண்டத்துத் தேனீ வளர்ப்போர் எல்லோரும் பார்த்திருப்பார்கள். இன்னொரு சான்று கருவாடு. குளச்சலிலும் முட்டத்திலும் உப்பிட்டு உலர்த்தும் மீனில் 35 சதவீதத்துக்கு மேல் நீர் இருந்தாலும், உப்பு நிறைந்து தெவிட்டிய அந்த நீருக்கு இந்த விகிதம் 0.75-ஐ ஒட்டியே நிற்கிறது. ஆதலால் சாதாரணப் பாக்டீரியாக்கள் அதில் பெருக முடியாது. நீரின் அளவு கூடியது கருவாடு. விரைவில் கெட்டது காளான். ‘ஈரப்பதம்’ என்னும் ஒரே சொல்லைக் கொண்டு இதை எவருக்கு எப்படி விளக்குவது?

இப்போது சொல்லுக்கு வருவோம்.

‘நீர்ச் செயல்பாடு’ என்பது இதுவரை சில இடங்களில் வழங்கும் நேர் மொழிபெயர்ப்பு. இதைக் கேட்பவர், நீர் என்ன செய்கிறது என்றோ, நீர்வளத் துறையின் பணி என்றோதான் எண்ணுவார். “இந்தக் காளானின் நீர்ச் செயல்பாடு 0.55” என்னும் தொடர், தமிழ் மட்டும் அறிந்தவருக்கு எந்தப் பொருளையும் தராது. ‘கதிரியக்கம்’ என்பதை ஒட்டி ‘நீரியக்கம்’ எனலாம் என்று ஒருவர் எழுதினார். ஓடும் நீரின் இயலுக்கு நீரியக்கவியல் என்று ஏற்கெனவே பெயர் இருப்பதால் அது மோதும். ‘நீர்ப்பிடிப்பு’ பொருளால் நெருக்கமானது. ஆனால் பேச்சிப்பாறை அணையின் நீர்ப்பிடிப்புப் பகுதி என்று நாள்தோறும் செய்தியில் கேட்பவர்களிடம் அதைக் கொண்டுபோக முடியாது. தவிர, பிடிப்பு கூடக் கூட எண் குறையும் என்பது திசைமாறிய சொல்லாகிவிடும்.

‘விடுநீர்’, ‘கட்டற்ற நீர்’ ஆகிய இரண்டும் ஓசையில் அழகானவை. பலர் ஆதரித்தும் எழுதினீர்கள். நான் இவற்றை ஏற்காததற்குக் காரணம் உண்டு. இவை நீரின் ஒரு பகுதியைச் சுட்டும் சொற்கள். 0.6 என்றால் இருக்கும் நீரில் 60 சதவீதம் கட்டற்றுக் கிடக்கிறது என்று படிப்பவர் கொள்வார். அது தவறு. இது பகுதியின் அளவு அல்ல, அந்தப் பொருளில் உள்ள நீர் முழுவதின் நிலையைக் குறிக்கும் அளவு. வெப்பநிலையைப் போன்றது, ஒரு கரண்டி தேனுக்கும் ஒரு குடம் தேனுக்கும் எண் ஒன்றே.

குலசேகரத்திலிருந்து எழுதிய அக்கா சொன்ன ‘நமுப்பளவு’ என்பதை நான் இரண்டு நாட்கள் மனத்தில் வைத்துப் பார்த்தேன். அப்பளமும் முறுக்கும் நமுத்துப்போவதை அறியாத வீடு தமிழகத்தில் இல்லை. காற்றின் நீரை உணவு வாங்கிக்கொண்டு மொறுமொறுப்பை இழக்கும் நிகழ்ச்சிக்கு இப்படி ஒரே வினை வைத்திருக்கும் மொழி நம்முடையது என்பது எனக்குப் பெருமைதான். ஆனால் மொறுமொறுப்பு பெரும்பாலும் 0.5-ஐத் தொடுவதற்குள் போய்விடுகிறது. பூஞ்சையின் எல்லை அதற்கு மேலே இருக்கிறது. நமுத்த காளான் எல்லாம் கெட்ட காளான் அல்ல. தேனும் புளியும் நமுப்பதே இல்லை. அளவின் பெயராக இதை வைக்க முடியாவிட்டாலும், விளக்கத்தில் இதைக் கட்டாயம் வைக்க வேண்டும்: காளான் நமுத்துவிட்டதென்றால் எல்லை நெருங்குகிறது, உடனே எடுத்து 55 முதல் 60 டிகிரி வெப்பத்தில் மறுபடி உலர்த்தி, ஆறிய பின் மூட வேண்டும். பூஞ்சை கண்ணில் பட்டுவிட்டால் உலர்த்திப் பயனில்லை. அதைக் கொட்டிவிட வேண்டும்.

என் முன்மொழிவு ‘நீர்த்தளர்வு’. ஒரு பொருளில் உள்ள நீர் எவ்வளவு தளர்வாக நிற்கிறது என்பதன் அளவு. தூய நீரின் தளர்வு 1. சர்க்கரையோ உப்போ சேர்த்தால் தளர்வு குறையும். உலர்த்தினாலும் குறையும். எண் ஏறினால் தளர்வு ஏறுகிறது, கேடும் நெருங்குகிறது; சொல்லும் எண்ணும் ஒரே திசையில் செல்கின்றன. ஒரு கலைச்சொல் பிள்ளைபெற வல்லதா என்று பார்ப்பது என் வழக்கம்: நீர்த்தளர்வுமானி, நீர்த்தளர்வு எல்லை, தளர்வு குறைப்பி, குறைதளர்வு உணவு, நீர்த்தளர்வுக் கோடு. கடைசியில் உள்ளது, ஒரே வெப்பநிலையில் ஈரப்பதத்தையும் இந்த அளவையும் எதிரெதிரே வைத்து வரையும் வளைகோட்டுக்கு. அந்தக் கோடு தேனுக்கு ஒரு விதமாகவும் காளானுக்கு ஒரு விதமாகவும் வளைகிறது என்று சொல்லிவிட்டால், மேலே நான் இரண்டு சான்றுகளில் விளக்கியது ஒரே தொடரில் அடங்கிவிடும்.

நீருக்குத் தளர்வும் இறுக்கமும் உண்டா, இது உயிரற்றதற்கு உயிரின் குணத்தை ஏற்றுவதல்லவா என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். ‘எலக்ட்ரான் நாட்டம்’ என்று பாடநூலில் எழுதி ஏற்றுக்கொண்ட நாம் இதற்குத் தயங்க வேண்டியதில்லை. உடல் தளர்வு என்னும் மருத்துவ வழக்கோடு குழம்பும் என்ற அச்சமும் எனக்கு இல்லை. முன்னே ‘நீர்’ நிற்கிறது, பின்னே ஓர் எண் நிற்கிறது.

சொல் வழங்க வேண்டுமானால் அளந்து பார்க்கும் வழியும் எளிதாக இருக்க வேண்டும். அதற்கு நம் அடுக்களையில் உள்ள உப்பு மரவையே முதல் மானி. தூய கறியுப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டும்போது கசியத் தொடங்குகிறது. மரவையில் உப்பு கசிந்து கிடக்கும் நாளில், அந்தக் காற்றில் திறந்து வைத்த காளானின் நீர்த்தளர்வு 0.75-ஐ நோக்கி ஏறிக்கொண்டிருக்கிறது என்று பொருள். புத்தளம் உப்பளத்திலிருந்து வரும் கழுவாத கல்லுப்பில் மக்னீசியம் குளோரைடு கலந்திருப்பதால் அது இன்னும் முன்னதாகவே கசியும். ஆகவே எச்சரிக்கைக்கு அதுவே மேல். துல்லியம் வேண்டுவோர், காற்றின் ஈரப்பதத்தைக் காட்டும், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஹைக்ரோமீட்டரை வாங்கி, குழைத்த உப்பு வைத்த சிறு மூடியோடு ஒரு கண்ணாடி ஜாடிக்குள் இரவு முழுவதும் மூடி வைத்துப் பார்க்கலாம். அது காலையில் 75 காட்ட வேண்டும். காட்டாவிட்டால் எவ்வளவு வேறுபடுகிறதோ அதைக் குறித்துக்கொள்ளலாம். பிறகு உப்பை எடுத்துவிட்டு, ஜாடி நிறைய உலர்காளானை இட்டு மூடி, உள்ளிருக்கும் காற்று காளானோடு சமநிலைக்கு வந்து எண் அசையாமல் நிற்கும்வரை நிழலில் வைத்தால், காட்டும் எண்ணை நூறால் வகுத்ததே அந்தக் காளானின் நீர்த்தளர்வு. என் மேசையில் இதை எழுதும்போது ஒரு ஜாடி நிற்கிறது. அதில் 48 காட்டுகிறது.

இன்னும் ஒன்று. கையேட்டின் புதிய பதிப்பில், புதுக் காளானுக்குத் துளையிட்ட உறை, உலர்காளானுக்குக் காற்றுப் புகாத உறை என்று இரண்டு விதி வருவதைப் பலர் முரணாகக் கருதுகிறார்கள். புதுக் காளானின் நீர்த்தளர்வு கிட்டத்தட்ட 1. அதைக் காற்றுப் புகாமல் அடைத்தால், காளான் மூச்சுவிட்டு உள்ளிருக்கும் ஆக்சிஜன் தீர்ந்துபோகும்; குளிர்ச்சியும் இல்லாவிட்டால், ஆக்சிஜன் இல்லாத இடத்தில் வளரும் கொடிய நச்சுப் பாக்டீரியாவான போட்டுலினம் அங்கே தலையெடுக்க வாய்ப்புண்டு. உலர்காளானில் நீர்த்தளர்வு அதற்கு மிகவும் கீழே இருப்பதால் அந்த அபாயம் இல்லை. அங்கே பகை வெளிக்காற்றின் ஈரம்தான். ஒரே சொல்லை வைத்து இரண்டு விதிகளையும் விளக்கிவிட முடிகிறது என்பதும் ‘நீர்த்தளர்வு’க்கு நான் கொடுக்கும் ஆதரவு வாக்கு.

கையேட்டில் ‘ஈரப்பதம்’ வரும் மூன்று இடங்களையும் இப்படி மாற்ற எண்ணியுள்ளேன்: படுக்கைக்கு ‘நீரளவு’ 65 சதவீதம், குடிலுக்குக் ‘காற்றின் ஈரப்பதம்’ 85 சதவீதம், உலர்காளானுக்கு ‘நீரளவு’ 10 சதவீதத்துக்குள், ‘நீர்த்தளர்வு’ 0.60-க்குக் கீழ். ‘நீர்த் தளர்வு’ என்று பிரித்து எழுதுவதா, சேர்த்து எழுதுவதா என்பதில் எனக்குச் சேர்த்து எழுதுவதே சரியென்று படுகிறது; பிரித்தால் முதல் வாசிப்பிலேயே தளர்வு தனியே போய்விடுகிறது. அச்சுக்கு அனுப்புமுன் இதை வரும் சனிக்கிழமை திருவட்டாரில் அந்தக் குழுவின் தலைவியிடம் வாய்விட்டுப் படித்துக் காட்டப் போகிறேன். அதற்குள் மறுப்பு இருப்போர் எழுதுங்கள்.